3018ல் 3 எம்எம் பால்சா ரிப்: வால் உடைகிறது, ஓரம் பிசிறடிக்கிறது

திருநகர் கிளைடர்

எல்லோருக்கும் வணக்கம். 1.5 மீட்டர் இறக்கையில் ஒரு ட்ரெய்னர், அதாவது பறக்கப் பழகும் மாடல் விமானம், கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) கிளார்க் ஒய், கார்டு (மூக்கிலிருந்து வால் வரை அகலம்) 200 எம்எம், நடுவிலிருந்து நுனி வரை ஒரே அளவு, அந்த வடிவத்தைத் தாங்கும் எலும்பான ரிப் மொத்தம் 18, எல்லாமே 3 எம்எம் பால்சா மரம். பிளேடு வைத்து ஒவ்வொன்றாக வெட்ட எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் ஒரு 3018 (கம்ப்யூட்டர் ஓட்டும் சின்ன சிஎன்சி வெட்டும் மெஷின்) வாங்கிப் பூட்டி மாடியில் வைத்திருக்கிறேன். மெஷின் நன்றாக ஓடுகிறது, சதுரம் வட்டம் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ரிப் என்று வந்தால்தான் வம்பு.

வெட்டும் பிட் 1 எம்எம் இரண்டு பல் எண்ட் மில், அப்-கட். ஸ்பிண்டில் (பிட்டைச் சுற்றும் மோட்டார்) நிமிடத்துக்கு 10,000 சுற்று. ஃபீட் (பிட் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 150 எம்எம், ஒரு பாஸுக்கு 1 எம்எம் ஆழம், ஆக மூன்று பாஸ். ஷீட்டை எம்டிஎஃப் பலகையில் இரண்டு பக்க டேப் போட்டு ஒட்டுகிறேன். ஒரு ரிப்புக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மெதுவாகப் போனால் சுத்தமாக வரும் என்று நினைத்தேன், ஆனால் ரிப்பின் முன்பக்க வளைவில் மேல் ஓரம் முழுக்கப் பிசிறு. சில இடத்தில் அடி வரை வெட்டுவதே இல்லை. வால் நுனி, ஒன்று கடைசி பாஸில் பறந்துபோகிறது, இல்லையென்றால் டேப்பிலிருந்து எடுக்கும்போது கையோடு வருகிறது. பிட் மட்டமானதா, மரம் மட்டமானதா, இல்லை இந்த மெஷினுக்கே பால்சா ஒத்துவராதா?

கப்பலூர் லேத்

தம்பி, 150ல் ஓட்டினால் அது வெட்டவில்லை, தேய்க்கிறது. கணக்கைப் பார். 10,000 சுற்று, இரண்டு பல், நிமிடத்துக்கு 20,000 வெட்டு. 150ஐ அதால் வகுத்தால் ஒரு பல்லுக்கு 0.0075 எம்எம்தான் கிடைக்கிறது. அவ்வளவு மெல்லிசாக பால்சாவைச் சீவ முடியாது, நார் மடங்கிக் கொடுத்துவிட்டு பல் தாண்டிய பிறகு எழுந்து நிற்கும். நீ பிசிறு என்று சொல்வது அதுதான். ஃபீடை 600க்கு ஏற்று. பல்லுக்கு 0.03 வரும், நார் அறுபடும். பால்சாவுக்கு 1 எம்எம் பிட் 600ல் ஒடியாது, பயப்படாதே. ஒடிந்தால் அது பிட்டைப் பிடிக்கும் கொலெட்டில் பிட் சரியாக உட்காராததால் இருக்கும், கழற்றி கொலெட்டுக்குள் இருக்கும் தூளை ஊதிவிட்டுப் பூட்டு.

அடுத்தது அப்-கட். அது சீவலை மேலே தூக்கும், சீவலோடு ஷீட்டையும் தூக்கும், மேல் ஓரத்து நாரையும் தூக்கும். அலுமினியத்துக்கு அது வேண்டும், 3 எம்எம் பால்சாவுக்கு எதற்கு? டவுன்-கட் பிட் வாங்கு. நாரைக் கீழே அழுத்தி வெட்டும், ஷீட்டும் பலகையோடு அமுங்கி நிற்கும். தூள் பள்ளத்திலேயே அடைக்கும்தான், ஆனால் பால்சா தூள் பிட்டை ஒன்றும் செய்யாது, பக்கத்தில் வேக்குவம் குழாயைப் பிடித்தால் போதும். மூக்குக்கு மட்டும் மாஸ்க் போடு.

திசையையும் கவனி. பிட் முழுசாகப் பள்ளம் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு பக்கச் சுவர் கிளைம்ப் (பிட் போகும் திசைக்கு எதிராகப் பல் வெட்டும்), எதிர்ப் பக்கச் சுவர் கன்வென்ஷனல் (போகும் திசையிலேயே பல் வெட்டும்), இது எப்போதும் அப்படித்தான். பிசிறு பெரும்பாலும் கன்வென்ஷனல் பக்கம் நிற்கும். ஆகவே ரிப் இருக்கும் பக்கம் கிளைம்பாக வரும்படி திசையை வை, பிசிறு கழிவுப் பக்கம் போய்விடும். வெளிக்கோட்டுக்கு மேலிருந்து பார்க்க வலஞ்சுழி, உள்ளே ஓட்டைகளுக்கு இடஞ்சுழி. படத்தை மெஷினுக்கான கட்டளையாக மாற்றும் கேம் மென்பொருளில் ஒரே ஒரு டிக், பல பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

அடி வரை வெட்டாதது பலகை மட்டம் இல்லாததால். 3018ன் பெட்டை நம்பி எம்டிஎஃப்பைத் திருகிவிட்டு அப்படியே ஆரம்பித்திருப்பாய். 6 எம்எம் பிட் போட்டு (அதற்குத் தனியாக ஒரு கொலெட் வாங்கணும்) எம்டிஎஃப் முழுவதையும் 0.2 ஆழத்தில் மேலோட்டமாகச் சீவு. அப்புறம் அது அந்த மெஷினுக்கு மட்டமான பலகை. கடைசி பாஸ் ஷீட்டைத் தாண்டி 0.2 பலகைக்குள் இறங்கட்டும்.

திருநகர் கிளைடர்

அண்ணே, மெஷினை ஓட்டும் கேண்டில் மென்பொருளில் மேடு பள்ளத்தை அளக்கும் ஹைட்மேப் இருக்கிறதே, அதைப் போட்டால் பலகையைச் சீவாமல் சமாளிக்க முடியாதா?

கப்பலூர் லேத்

அது காப்பர் போர்டுக்கு. பிட் தொட்டதும் கரண்ட் பாயணும், அதை வைத்துத்தான் உயரம் எடுக்கும். பால்சாவில் எங்கே கரண்ட் பாயும்? பலகையைச் சீவு, ஒரு தடவை செய்தால் ரொம்ப நாளைக்கு ஓடும்.

லேசர் புதூர்

இவ்வளவு தலைவலி எதற்கு பாஸ்? அதே 3018ல் ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு ஒரு டயோட் லேசர் மாட்டுங்கள். வெட்டும் விசையே கிடையாது, அடியில் இரும்புத் தகடு போட்டு ஷீட்டின் மேல் நாலு மூலையில் காந்தம் வைத்தால் போதும், டேப் வேண்டாம், வால் பறக்காது, பிசிறு என்ற பேச்சே இல்லை. வெட்டுத் தடம் 0.2க்குள்தான் இருக்கும், உள் மூலைகள் கூர்மையாகவே வரும். நான் கடையில் அக்ரிலிக் போர்டு வெட்டுகிறேன், நடுவில் கல்லூரிப் பிள்ளைகள் பால்சா கொண்டுவந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு இறக்கைக்கான ரிப் ரெடி. இந்த வேலைக்கு பிட் வைத்து வெட்டும் ரவுட்டர் என்பது வீண்.

மாடி ஹேங்கர்

புதூர் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. லேசர் வெட்டிய ஓரம் கருகி இருக்கும். அந்தக் கருக்கின் மேல் மெல்லிய சூப்பர் க்ளூ விட்டால் மரத்துக்குள் இறங்குவதற்குத் தயங்கும், கருக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரிப்பின் ஒட்டும் இடத்தையும் 240 சாண்ட் பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்தாக வேண்டும். இரண்டாவது, வெளிறிய நிறத்தில் ஒளி ஊடுருவும் ஃபிலிமை இறக்கை மேல் போர்த்தினால் கறுப்புக் கோடு ஒவ்வொரு ரிப்பிலும் தெரியும், சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. மூன்றாவது, பால்சா ஷீட் முழுக்க ஒரே அடர்த்தியாக இருக்காது. மென்மையான இடத்தில் சுத்தமாக வெட்டிக்கொண்டே போகும் லேசர், ஒரு கடினமான கோடு வந்ததும் பாதியில் நின்றுவிடும், அதைப் பிளேடால் பிரித்தெடுக்கும்போது அங்கே கிழியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தம்பி கேட்டதில் "மரம் மட்டமானதா" என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மெஷினைப் பற்றி இத்தனை வரி பேசியாயிற்று, ஷீட்டின் எடை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் என்சிசி ஏர் விங்கில் கண்ட்ரோல் லைன் (கம்பியில் பிடித்துச் சுற்றவிடும் மாடல் விமானம்) கட்டிய நாளிலிருந்து நான் செய்வது இதுதான்: ஷீட் கைக்கு வந்ததும் தராசில் வைத்து, மூலையில் பென்சிலால் எடையை எழுதிவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். 915க்கு 100க்கு 3 எம்எம் ஷீட் என்றால் கன அளவு கிட்டத்தட்ட 275 சிசி. 33 கிராம் இருந்தால் அடர்த்தி 0.12, அது நல்ல ரிப் மரம். 27 கிராம் என்றால் 0.10, இன்னும் நல்லது, ஆனால் கையாளும்போது நகம் பட்டாலே குழியும். 55 கிராம் இருந்தால் 0.20, அதை ஸ்பாருக்கு (ரிப்புகளைக் கோத்து இறக்கை நீளத்துக்கு ஓடும் குச்சி) ஒதுக்கிவை, ரிப் வெட்டாதே.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிளார்க் ஒய் 200 எம்எம் ரிப்பின் பரப்பு சுமார் 32 சதுர செமீ. நீ 14 எம்எம் ஓட்டை மூன்று போடுவதாக வைத்துக்கொள்வோம், 18 ரிப்புக்கும் சேர்த்து அந்த ஓட்டைகளால் உனக்கு மிச்சமாவது வெறும் 3 கிராம். அதே 18 ரிப்பை 0.20 மரத்துக்குப் பதில் 0.10 மரத்தில் வெட்டினால் மிச்சம் சுமார் 15 கிராம். ஓட்டை போட மெஷின் எவ்வளவு நேரம் சுற்றுகிறது, ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் எவ்வளவு பிசிறு, இதற்காகவா? வயர் போக ஒரு ஓட்டை போதும். எடையைக் கடையில் குறை, மெஷினில் குறைக்காதே.

நார் வகையும் பார்க்க வேண்டும். ஷீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலவற்றில் மீன் செதில் போலப் பளபளப்பான புள்ளிகள் தெரியும், குறுக்கே வளைத்தால் வளையாமல் விறைப்பாக நிற்கும். அதுதான் சி-கிரெய்ன், ரிப்புக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். குறுக்கே சுலபமாகச் சுருளும் ஏ-கிரெய்ன் ஷீட்டில் ரிப் வெட்டினால் நாரோடு நீளமாகப் பிளந்து போகும், அது லீடிங் எட்ஜ், அதாவது இறக்கையின் முன் ஓரம், மேல் போர்த்தத்தான் லாயக்கு. தம்பி, உன் ஷீட்டில் எது?

திருநகர் கிளைடர்

சார், இப்போதுதான் தராசில் வைத்தேன். ஒரு பண்டிலில் வந்த ஷீட்டுகளிலேயே 29 கிராமும் இருக்கிறது, 52 கிராமும் இருக்கிறது! ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன், "ஏ கிரேடு" என்று போட்டிருந்தான். நான் உடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் 52 கிராம் ஷீட், சாய்த்துப் பார்த்தால் புள்ளி எதுவும் இல்லை, குறுக்கே நன்றாகச் சுருள்கிறது.

மாடி ஹேங்கர்

கிரேடு வேறு, கிரெய்ன் வேறு. கடைக்காரன் ஏ என்று போடுவது அவன் வசதிக்கு. 2020 வாக்கில் சீனாவில் காற்றாலை கட்டிய வேகத்தில் எக்வடார் பால்சா பெரும்பகுதி இறக்கைகளின் நடுவில் வைக்கவே போய்விட்டது, விலை ஏறியது, அப்போதிருந்து பண்டிலில் என்ன வருகிறது என்பது அதிர்ஷ்டம்தான். ஃபோனில் பேசி, எடை சொல்லிக் கேட்டால் சில கடைக்காரர்கள் பொறுக்கிக் கொடுக்கிறார்கள். கேட்பதில் வெட்கம் என்ன.

லேசர் புதூர்

சார், கருகும் விஷயத்தில் ஒரு திருத்தம். வெட்டும் இடத்தில் காற்று ஊதும் ஏர் அசிஸ்ட் வைத்து, பவரைக் குறைத்து, வேகமாக இரண்டு பாஸ் ஓட்டினால் ஓரம் காப்பி நிறம்தான் வரும், கரி வராது. ஃபோகஸ் சரியில்லாமல் ஒரே பாஸில் மெதுவாகச் சுடுகிறவர்கள்தான் லேசருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

கப்பலூர் லேத்

ஏர் அசிஸ்ட் பம்ப், புகை இழுக்க ஃபேன், அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி, பக்கத்தில் எப்போதும் ஆள். பால்சா பற்றிக்கொண்டால் ஊதி அணைக்கவும் நேரம் இருக்காது. வீட்டு மாடியில் சின்னப் பிள்ளைகள் ஏறி இறங்கும் இடத்தில் திறந்த டயோட் லேசரை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். உங்கள் கடையில் மூடி போட்ட மெஷின், அது வேறு கதை.

லேசர் புதூர்

அதை ஒத்துக்கொள்கிறேன். மூடி இல்லாத லேசர் வேண்டாம்.

ஒத்தக்கடை பறவை

18 ரிப்புக்கு இத்தனை ராமாயணமா? கார்டு ஒரே அளவு என்று தம்பியே சொல்லிவிட்டார். ப்ளைவுட்டில் இரண்டு டெம்ப்ளேட், நடுவில் 18 பால்சா துண்டு, இரண்டு போல்ட் போட்டு இறுக்கி, பிளேன் பிடித்து, சாண்டிங் பிளாக் போட்டு இழைத்தால் ஒரே சாயங்காலத்தில் 18ம் ஒரே அச்சு. ஸ்பார் பள்ளத்தையும் மொத்தமாக ரம்பத்தால் ஒரே வெட்டு, ஒன்றுக்கொன்று மயிரிழை மாறாது. மெஷின் வாங்கி, பிட் வாங்கி, பலகை சீவி, இதெல்லாம் முடிவதற்குள் நான் யானைமலை அடிவாரத்தில் இரண்டு பேட்டரி பறந்துவிட்டு வந்திருப்பேன்.

திருநகர் கிளைடர்

அண்ணே, இந்த ட்ரெய்னருக்கு நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அடுத்து டேப்பர் இறக்கையில் ஒரு கிளைடர் போடப் போகிறேன். நடுவில் 220, நுனியில் 120. அதற்கும் சேர்த்துத்தான் இப்போதே பழகுகிறேன்.

ஒத்தக்கடை பறவை

டேப்பர் என்றால் சாண்ட்விச்சில் ஒவ்வொரு ரிப்பின் ஓரமும் சாய்வாக வரும், இடது வலதுக்குத் தனித்தனி அடுக்கு வேண்டும், நுனிக்கும் அடிக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் சாய்வும் அதிகம். சரி, அங்கே மெஷின் ஜெயிக்கும். இதற்கு மட்டும் ஒரு யோசனை: டெம்ப்ளேட் இரண்டையும் மெஷினில் வெட்டு, ரிப்பைக் கையால் இழை.

ரடர் மேலூர்

கொஞ்சம் தாமதமாக வருகிறேன், செமஸ்டர். எல்லோரும் பிட், மரம், லேசர் என்று பேசியிருக்கிறீர்கள், படத்தை யாரும் கேட்கவில்லை. அண்ணா, ரிப்பின் டிஎக்ஸ்எஃப் படக் கோப்பை வைத்துத்தான் சொல்ல முடியும், ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இலினாய் பல்கலைக்கழகத்தின் ஏர்ஃபாயில் பட்டியலிலிருந்து கோஆர்டினேட்டை எடுத்து, 200க்குப் பெருக்கி, அப்படியே வெட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. சரியா?

திருநகர் கிளைடர்

ஆமாம்மா, அப்படியேதான். அதில் என்ன தப்பு?

ரடர் மேலூர்

அப்படியானால் வால் உடைவதற்கு மெஷின் காரணமே இல்லை. கிளார்க் ஒய் அளவுகளைப் பாருங்கள். கார்டில் 95 சதவீதத்தில் தடிமன் 1.49 சதவீதம், கடைசியில் 0.12 சதவீதம். உங்கள் 200 எம்எம்முக்கு மாற்றினால், வாலிலிருந்து 10 எம்எம் முன்னால் உயரம் 3 எம்எம், நுனியில் கால் எம்எம் கூட இல்லை. 3 எம்எம் தடிப்புள்ள ஷீட்டில் கால் எம்எம் உயரத்துக்கு ஒரு நுனி! அதை எந்த மெஷினாலும் வெட்டி முழுசாக எடுக்க முடியாது. லேசர் வெட்டினாலும் அது கருகிப் போயிருக்கும்.

ஏர்ஃபாயில் என்பது வெளிக்கோடு, முடிந்த இறக்கையின் தோல். ரிப் அதற்குள் இருக்க வேண்டிய எலும்பு. ரிப்பை 90 சதவீதத்தில், அதாவது 180 எம்எம்மில் நிறுத்துங்கள். அங்கே தடிமன் 2.80 சதவீதம், 5.6 எம்எம் இருக்கும், தைரியமாகக் கையில் எடுக்கலாம். மிச்சம் 20 எம்எம்முக்கு ஆப்பு வடிவ ட்ரெய்லிங் எட்ஜ் (பின் ஓர) குச்சி ரெடிமேடாக வருகிறது, 20க்கு 6 அளவு வாங்கி இழைத்துவிட்டால் சரியாக உட்காரும். முன்னாலும் அப்படித்தான், லீடிங் எட்ஜ் குச்சியின் அகலத்தைக் கழியுங்கள். மேலே 1.5 எம்எம் ஷீட் போர்த்தப் போகிறீர்கள் என்றால் அந்த இடத்தில் ரிப்பை 1.5 உள்ளே தள்ளி வரையணும், இல்லாவிட்டால் கிளார்க் ஒய் கிளார்க் ஒய்யாக இருக்காது.

இன்னொன்று. கோஆர்டினேட் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் முன்மூக்கு பட்டை பட்டையாக வரும். ஸ்ப்ளைனாக, அதாவது வழுவழு வளைகோடாக மாற்றி, அதைப் பொடிப் பொடிக் கோடாக ஜி-கோட் (மெஷின் கட்டளை) ஆக்கினால் மெஷினுக்குள் இருக்கும் ஜிஆர்பிஎல் ஒவ்வொன்றையும் வாங்கித் திணறி, வளைவில் மெஷின் நின்று நின்று போகும். நின்ற இடத்தில் தேய்க்கும், தேய்த்த இடத்தில் பிசிறு. மென்பொருளில் வில்லாக மாற்றும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், ஜி2 ஜி3 ஆக வரும், ஒரே சீராக ஓடும். கப்பலூர் அண்ணன் சொன்ன 600 ஃபீட் உண்மையிலேயே 600ஆக இருக்க இது வேண்டும், திரையில் 600 என்று போட்டுவிட்டு மெஷின் 200ல் ஓடினால் பயன் இல்லை.

கப்பலூர் லேத்

நல்லாச் சொன்னே தங்கச்சி. படத்தை நான் கேட்டிருக்கணும், எங்கள் பட்டறையில் படம் வாங்காமல் வேலையே எடுக்க மாட்டோம்.

மாடி ஹேங்கர்

95 சதவீதத்துக்கு 1.49 என்று மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளை! கிளார்க் ஒய் வரைந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது, 1922. தட்டையான அடிப்பாகம், மேசை மேலேயே வைத்துக் கட்டலாம், இன்றைக்கும் முதல் விமானத்துக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். 30 சதவீதத்துக்குப் பின்னால்தான் அடி தட்டை, மூக்குப் பக்கம் மேலே ஏறும், அங்கே ஒரு துண்டு ஷீட்டை அண்டக் கொடுத்துக் கட்ட வேண்டும்.

திருநகர் கிளைடர்

படத்தை மாற்றிவிட்டேன், 180ல் நிறுத்தி. இப்போது அடுக்கும் விஷயம். 915 ஷீட்டை மூன்றாக வெட்டினால் 305 வருகிறது, அதில் நாலு ரிப் நெருக்கி அடைக்கலாமா? ஒன்றின் மூக்கும் அடுத்ததன் வாலும் பக்கத்தில் வருகிற மாதிரி கண்ணாடிப் பிம்பமாக மாற்றி மாற்றி வைத்தேன், 100க்குள் அழகாக அடங்குகிறது.

ரடர் மேலூர்

அடங்கும், ஆனால் கண்ணாடிப் பிம்பமாக வைக்காதீர்கள், 180 டிகிரி சுழற்றி வையுங்கள். 3018ல் எக்ஸும் ஒய்யும் சரியாக 90ல் இருப்பது அபூர்வம், கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். சாய்வு இருந்தால் வெட்டுகிற ஒவ்வொரு துண்டும் அந்தச் சாய்வோடு வரும். 180 சுழற்றினால் சாய்வு அதே பக்கம், எல்லா ரிப்பும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும், இறக்கை நேராகவே வரும். பிம்பமாகத் திருப்பினால் பாதி ரிப் ஒரு பக்கமும் பாதி எதிர்ப் பக்கமும் சாயும், ஸ்பார் பள்ளம் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும். ஒரு 150 எம்எம் சதுரம் வெட்டி இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நார் ஓட்டம் மூக்கிலிருந்து வாலுக்குப் போகணும், அதை மட்டும் இடம் மிச்சம் பிடிக்க என்று மாற்றிவிடாதீர்கள்.

கப்பலூர் லேத்

ஒட்டும் முறையையும் மாற்று. இரண்டு பக்க டேப்பின் பசை பால்சா நாரையே உரித்து எடுக்கும். எம்டிஎஃப் மேல் மாஸ்கிங் டேப், ஷீட்டின் அடியில் மாஸ்கிங் டேப், இரண்டின் முதுகும் முதுகும் பார்க்க நடுவில் ஃபெவிக்விக் சொட்டுகள். அசையாது. ரிப்பைச் சுற்றியுள்ள மரத்தோடு பிடித்துவைக்கும் குட்டிப் பாலம் எதுவும் விட வேண்டாம், முழு அடியும் ஒட்டி இருக்கிறது. முதலில் ஓட்டைகளும் ஸ்பார் பள்ளமும், வெளிக்கோடு கடைசியில்.

எடுக்கும் விதம் முக்கியம். ரிப்பை டேப்பிலிருந்து உரிக்காதே, டேப்பை ரிப்பிலிருந்து உரி. பலகையிலிருந்து டேப்போடு மொத்தமாகத் தூக்கு, ரிப்பைத் தட்டையான மேசையில் கவிழ்த்து வை, ஒரு விரலால் மூக்கை அமுக்கிக்கொண்டு டேப்பை அதன் மேலேயே முழுசாக மடக்கி, நார் ஓட்டத்தோடு மூக்கிலிருந்து வாலுக்கு மெதுவாக இழு. செங்குத்தாகத் தூக்கினால் பால்சா டேப்போடு எழுந்து ஒடியும்.

திருநகர் கிளைடர்

வெட்டிப் பார்த்துவிட்டேன், படம் இணைத்திருக்கிறேன். 29 கிராம் ஷீட், டவுன்-கட், ஃபீட் 600, பலகை சீவியது, மாஸ்கிங் டேப். ரிப் ஒன்றுக்கு மூன்று நிமிடம்தான், அடி வரை வெட்டியிருக்கிறது, வால் முழுசாக நிற்கிறது. மூக்கின் வளைவில் நாருக்கு எதிராகப் போகும் ஒரு சின்ன இடத்தில் மட்டும் லேசான பிசிறு, 320 பேப்பரால் ஒரு தடவை தடவினால் போய்விடுகிறது. மூலைவிட்டத்தில் 0.6 வித்தியாசம், ரடர் சொன்னது அப்படியே பலித்தது. சுழற்றித்தான் அடுக்கினேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். 6க்கு 6 ஸ்பார் குச்சி பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. படத்தில் 6.0தான் போட்டிருக்கிறேன்.

கப்பலூர் லேத்

1 எம்எம் பிட் உள் மூலையில் 0.5 ஆரம் விட்டுத்தான் போகும், குச்சியின் மூலை சதுரம், எப்படி உட்காரும்? மூலையில் நாய் எலும்பு மாதிரி குழி போடலாம், மென்பொருளிலேயே இருக்கிறது. பள்ளத்தின் அகலத்துக்குக் கழிவு மரத்தில் 6.0, 6.1, 6.2 என்று மூன்று வெட்டிக் குச்சியைச் செருகிப் பார். விரல் அழுத்தத்தில் இறங்குவதை எடு. பிட் மேல் 1.0 என்று எழுதியிருக்கும், கொலெட் ஆட்டத்தோடு அது வெட்டும் தடம் வேறாக இருக்கும், உன் மெஷினில் எவ்வளவு என்று நீதான் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாடி ஹேங்கர்

குழியெல்லாம் எதற்கு? 220 பேப்பரால் குச்சியின் உள் மூலை இரண்டையும் நீளத்துக்கு ஒரு தடவு தடவினால் உட்காரும். இறுக்கிச் செருகாதே, பசைக்கு இடம் வேண்டும், இறுக்கினால் ரிப் அங்கேயே பிளக்கும்.

ஒத்தக்கடை பறவை

பால்சா விலை விற்கிற விலைக்கு, சாத்தூர் சிவகாசிப் பக்கம் தீக்குச்சிக்கு வெட்டுகிற மரத்தை யாராவது முயன்று பார்த்தீர்களா? பெருமரம் என்பார்களே. தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்களின் நெட்டி இன்னும் லேசு.

மாடி ஹேங்கர்

பெருமரம் பால்சாவைவிட இரண்டு மூன்று மடங்கு கனம். எஞ்சின் மவுண்ட் பக்கம் வைக்கலாம், ரிப்புக்கு ஆகாது. நெட்டி கைக்கு எடையே தெரியாது, ஆனால் உள்ளே நார் கிடையாது, வளைத்தால் முறிந்துவிடும். உறவு என்று பார்த்தால் நம் இலவ மரம் பால்சாவின் பங்காளி, ஒரே குடும்பம், இருந்தும் அதில் விமானம் கட்டி நான் பார்த்ததில்லை.

திருநகர் கிளைடர்

இன்று நடுவில் கரண்ட் போய்விட்டது. வந்ததும் மெஷின் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை. ஆரம்ப இடத்தைக் காட்டும் லிமிட் சுவிட்ச் இல்லை. பாதி ஷீட் வெட்டி நிற்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதானா?

ரடர் மேலூர்

வேண்டாம். ஷீட் பலகையில் ஒட்டித்தானே இருக்கிறது? முதல் பூஜ்யப் புள்ளியைக் கண்டுபிடித்தால் போதும், முழு ஃபைலையும் மறுபடி ஓட்டுங்கள், வெட்டிய இடத்தில் காற்றில் போகும். இனிமேல் ஒவ்வொரு ஃபைலின் ஆரம்பத்திலும் ஷீட்டுக்கு வெளியே எம்டிஎஃப்பில் 2 எம்எம் ஆழத்தில் ஒரு குத்து குத்தச் சொல்லுங்கள், அதுதான் பூஜ்யம். பிட்டைக் கையால் அதில் இறக்கினால் எக்ஸ், ஒய் கிடைத்துவிடும். உயரத்துக்கு பலகை மேல் ஒரு காகிதத் துண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போடுகிற நாளில் பெரிய ஃபைல் ஓட்டாதீர்கள்.

கப்பலூர் லேத்

லேப்டாப்பை சார்ஜரில் போடாமல் ஓட்டிப் பார். ஸ்பிண்டிலின் 775 மோட்டாரின் பிரஷ் போடுகிற இரைச்சலில் யுஎஸ்பி துண்டிப்பதும் உண்டு, அதைக் கரண்ட் கட் என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல கேபிள், நீளம் குறைவாக, மோட்டார் வயரிலிருந்து தள்ளி.

ஒத்தக்கடை பறவை

கட்டி முடித்த பிறகு திருநகரில் பறக்கவிடாதே. மதுரை பெருங்குடி விமான நிலையம் பக்கம்தான், அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைத் திறந்து எந்த மண்டலம் என்று முதலில் பார். எங்கள் பக்கம் வா, காலை ஆறு மணிக்குக் காற்று இருக்காது.

திருநகர் கிளைடர்

கண்டிப்பாக வருகிறேன் அண்ணே. 18 ரிப்பும் முடிந்தது, மொத்தம் 17 கிராம். அடுத்து ஃபியூஸ்லாஜ் ஃபார்மர் (உடல் பகுதியின் குறுக்குச் சட்டம்), 3 எம்எம் ஏரோ ப்ளைவுட். அதே டவுன்-கட் 1 எம்எம் போதுமா, 600லேயே ஓட்டலாமா?

கப்பலூர் லேத்

போதாது, ஓட்டாதே. ப்ளையில் அடுக்குக்கு அடுக்கு பசை, பிட் சீக்கிரம் மழுங்கும், 1 எம்எம் பிட் பட்டென்று ஒடியும். 2 எம்எம் பிட், பாஸுக்கு 0.5, ஃபீட் 400ல் ஆரம்பி. ப்ளையில் அந்தக் குட்டிப் பாலம் வேண்டும், மாஸ்கிங் டேப்பை மட்டும் நம்பாதே. ப்ளை வெட்டிய பிட்டைத் திரும்ப பால்சாவுக்குப் போடாதே, தனி டப்பாவில் வை. மிச்சத்தைத் தனி இழையில் கேள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.